செட்டிப்புடவுச் செட்டியாரும் வாத்தியாரின் நோட்டும்: மதுரை மலைகளில் ஒரு நாள்

‘மதுரையின் மர்ம மலைகள்! புதையல்! சுரங்கம்! எண்ணாயிரம் பேரின் ஓலம்!’ கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து, மூலையில் ஒரு மண்டையோடு. சித்தி மகள் வாட்ஸப்பில் அனுப்பிய இந்தப் போஸ்டரைப் பார்த்ததும் அழித்துவிட்டேன். ஆனால் அதற்குள் என் மகன் பார்த்துவிட்டான். பதினோரு வயது. அவனுக்குப் பேய் வேண்டும். எனக்கு அம்மாவை எங்கேயாவது வெளியே கூட்டிப்போக வேண்டும். அப்பா போனதிலிருந்து ரேஷன் கடைக்கும் டாக்டரிடமும் போவதற்கு மட்டும்தான் வாசலைத் தாண்டுகிறார். கோயம்புத்தூரிலிருந்து நான் லீவுக்கு வந்தாலும் டி.வி. முன்னால்தான் உட்கார்ந்திருப்போம். ஆகவே மூன்று பேருக்கும் பணம் கட்டினேன். பெரியவர்களுக்கு 700, பிள்ளைகளுக்கு 350. வேன், காலை டிபன், மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து.

போய்வந்து மூன்று வாரம் ஆகிறது. கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

கூட்டிப்போகிறவர் ஒரு ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். பாடம் எடுத்தது கணக்கு. முப்பது வருசமாகச் சனி ஞாயிறுகளில் மதுரையைச் சுற்றியிருக்கிற மலை, கண்மாய், கோயில் என்று அலைந்து கதை சேர்க்கிறார். கல்வெட்டு வாசிக்கத் தானாகவே கற்றுக்கொண்டாராம். போஸ்டர் அடிப்பது, பணம் வசூலிப்பது எல்லாம் அவருடைய அக்கா மகன். மண்டையோடு அவன் வேலை. அதை வாத்தியார் பார்த்திருக்கிறாரா என்றுகூடச் சந்தேகம்தான். அவரை எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே விடுகிறேன்.

தை மாத ஞாயிற்றுக்கிழமை, காலை 5:30-க்குப் பெரியார் பேருந்து நிலையம். வேன் வந்தது 6:05-க்கு. பதினாலு பேர். அதில் இரண்டு பையன்கள் கையில் கேமரா, மைக், ஒரு நீளக் கம்பு. யூடியூப் சேனலாம். அவர்களும் போஸ்டரைப் பார்த்து வந்தவர்கள்தான், என் மகனைப் போல.

முதல் இடம் கீழக்குயில்குடி. அய்யனார் கோயிலுக்கு முன்னால் தாமரைக்குளம், ஆலமரம், பின்னால் சமணர் மலை. பனி இன்னும் விலகவில்லை, மயில் கத்துகிறது. எல்லோரும் போனை எடுத்துவிட்டோம். வாத்தியார் எங்களை மரத்தடியில் உட்காரவைத்து, “போனை வச்சிருங்க. இந்த மலையப் பத்தி நீங்க கேள்விப்பட்டத ஆளுக்கொண்ணு சொல்லுங்க. படிச்சது வேணாம், கேட்டது” என்றார். தான் வாயைத் திறப்பதற்கு முன்னால் எல்லோரும் சொல்லியாக வேண்டும், அதுதான் விதி. அவர் சொல்வது தெரிந்துவிட்டால் எல்லோரும் அதையே சொல்லிவிடுவார்களாம். “நான் சொல்லிட்டேன்னா அப்புறம் யாருக்கும் அவங்க பாட்டி சொன்னது ஞாபகம் வராது.”

ஒருவர் சுரங்கம் என்றார், இங்கிருந்து மீனாட்சி கோயில்வரை. வாத்தியார் தலையாட்டிக்கொண்டு எழுதினார். இன்னொருவர் மலைக்குள் தங்கம் என்றார். யூடியூப் பையன் எண்ணாயிரம் சமணர்களைக் கழுவேற்றிய இடம் இதுதான், அமாவாசைக்குச் சத்தம் கேட்கும் என்றான். அதையும் எழுதினார். யார் சொன்னது என்று கேட்டார். ‘ஒரு வீடியோ’ என்றான் அவன். வீடியோ என்றே எழுதிக்கொண்டார்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மளிகைக் கடையில் பற்று எழுதுகிற நீள நோட்டு. பக்கத்தில் ஸ்கேல் வைத்து நாலு கட்டம். சொன்னவர், அவருக்குச் சொன்னவர், எந்த இடத்தில் வைத்துச் சொன்னார், கதை. கடைசிக் கட்டம்தான் சின்னது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. கதையைச் சேர்க்கிறவருக்குக் கதைக்கு இவ்வளவுதானா இடம் என்று கேட்டேன். “கதைய யாரு வேணா சொல்லிருவாங்கம்மா. யாரு வாயிலேருந்து வந்துச்சுங்கறதுதான் பத்து வருசம் கழிச்சுக் கெடைக்காது.”

எங்கள் முறை வந்தபோது அம்மா, “எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா” என்றுவிட்டார். அம்மா பிறந்தது செக்கானூரணிப் பக்கம். வாத்தியார் வற்புறுத்தவில்லை. பெயரையும் ஊரையும் மட்டும் எழுதி, கதைக் கட்டத்தை வெறுமையாக விட்டார்.

கோயிலுக்குப் பக்கத்திலிருந்தே பாறையில் வெட்டிய படிகள் பேச்சிப்பள்ளத்துக்குப் போகின்றன. அம்மாவுக்கு முழங்கால் வலி. வாத்தியார் அவர் வேகத்துக்கே ஏறினார். முன்னால் ஓடியவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதுவே எனக்குப் பிடித்துவிட்டது. மேலே ஒரு சுனை. அதை ஒட்டிய பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள். தலைக்கு மேல் பாம்பு படமெடுக்கும் பார்சுவநாதர், கொடி படர்ந்த பாகுபலி, மகாவீரர். சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து, அந்தக் காலத்தில் தமிழை எழுதிய ஒரு பழைய எழுத்து. ஆயிரத்து நூறு வருசத்துக்கு முந்தையது, 9-ம், 10-ம் நூற்றாண்டு.

அதில் ஒன்றில் அச்சணந்தி என்கிற சமணத் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று இருக்கிறது. அச்சணந்தி பெயர் மதுரையைச் சுற்றிப் பல மலைகளில் வெட்டியிருக்கிறார்கள், அவர் அந்தக் காலத்தில் பெரிய ஆள். ஆனால் இங்கே அவர் பெயர் ஒரு அம்மாவுடைய மகன் என்கிற அளவில் வருகிறது. “மகன் சாமியாராப் போயிட்டான். அம்மா வந்து அவன் பேரச் சொல்லிச் சிலை செஞ்சு வச்சிட்டுப் போயிருக்கு” என்றார் வாத்தியார். அம்மா சுனையோரம் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே, “அந்தப் பேரு எங்க இருக்கு, காட்டுங்க” என்று கேட்டார். காட்டினார். படிக்கத் தெரியாத அந்த எழுத்தை அம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கேதான் யூடியூப் பையன் மைக்கை நீட்டினான். “சார், அந்த எண்ணாயிரம் பேரு…” வாத்தியார் கணக்கு வாத்தியார் ஆகிவிட்டார். சமணர்களை வாதத்தில் வென்றதாகச் சொல்லப்படுகிற சம்பந்தர் காலம் எது? 7-ம் நூற்றாண்டு. இந்தச் சிலை எந்த நூற்றாண்டு? 9, 10. “எல்லாரையும் ஏத்திட்டா, இருநூறு வருசம் கழிச்சு இத்தனை சிலை செஞ்சு, ஊருக்கு ஊர் பேர் வெட்டி வச்சது யாரு தம்பி?” கழுவேற்றக் கதையைப் பெரியபுராணம் பாடுகிறது, அது 12-ம் நூற்றாண்டு. சண்டை நடக்கவே இல்லை என்று அவர் சொல்லவில்லை. மன்னன் ஆதரவு போனது, மடங்கள் கைமாறின, கசப்பு இருந்தது, அது தேவாரத்திலேயே தெரிகிறது என்றார். எண்ணாயிரம் என்ற எண்ணைத்தான் அவர் ஏற்கவில்லை. பையன் அதை ரெக்கார்டு பண்ணினானா தெரியாது. என் மகன், “அப்ப பேய் இல்லையா?” என்று என் காதில் கேட்டான். இல்லை என்று தெரிந்து அவன் முகம் விழுந்துவிட்டது. போஸ்டர் அடிக்கிறவர்களுக்கு: இது ஏமாற்று. பேய் பார்க்க வருகிறவர்கள் 700 ரூபாய் போச்சே என்பார்கள். பேய் வேண்டாம் என்கிறவர்கள் மண்டையோட்டைப் பார்த்து வரவே மாட்டார்கள். நானே அழித்தவள்தான்.

இறங்கி மலையைச் சுற்றி மறுபக்கம் போனால் செட்டிப்புடவு. புடவு என்றால் குகை. குகை வாசலுக்கு வெளியே பாறையில் பெரிய உருவம், சம்மணம் போட்டு, காது தொங்க, திடமான தோளோடு. ஊர்க்காரர்கள் அதை ஒரு செட்டியார் என்று நினைத்ததால் இந்தப் பெயர். உள்ளே இன்னும் ஐந்து சிற்பங்கள். மூன்று தீர்த்தங்கரர்கள், அதாவது சமணர்கள் கும்பிடுகிற குருமார்கள், தலைக்கு மேல் முக்குடையோடு. ஓரத்தில் ஒரு பெண், சிங்கத்தின் மேல் உட்கார்ந்து வில்லோடு, எதிரே யானைமேல் வருகிறவனோடு சண்டை போடுகிறாள். இதைப் பார்க்கத்தான் நான் திரும்பவும் போவேன். சின்னச் சிற்பம், ஆனால் சிங்கம் பாய்கிறது, நிஜமாகவே பாய்கிறது.

வெளியே இருக்கிற பெரிய உருவத்துக்குக் கீழே எழுத்து இருக்கிறது என்றார் வாத்தியார். எங்களுக்குச் சொரசொரப்பான பாறைதான் தெரிந்தது. காலை ஒன்பது மணிக்கு அந்தப் பக்கம் நிழல். யாரோ தண்ணீர் ஊற்றலாமா என்றார்கள், இன்னொருவர் சாக்பீஸ் தேய்த்தால் தெரியும் என்றார். வாத்தியாருக்குக் கோபம் வந்தது அன்றைக்கு ஒரே தடவை, அப்போதுதான். பிறகு துணிப்பையிலிருந்து பிளாஸ்டிக் சட்டம் போட்ட, முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்றை எடுத்தார். சவரம் பண்ணும்போது ஆணியில் மாட்டுவோமே, அது. என் மகனிடம் கொடுத்து, வெயில் விழுகிற இடத்தில் போய் நிற்கச் சொன்னார். “வெளிச்சத்த நேரா அடிக்காத. பக்கவாட்டுல, பாறையத் தடவுற மாதிரி வுடு.”

அவன் நாலைந்து தடவை மரத்தில் அடித்தான், என் கண்ணில் அடித்தான். பிறகு அந்த வெளிச்சத் துண்டு பாறையின் ஓரத்திலிருந்து படுத்தமாதிரி ஊர்ந்து வந்தது. எழுத்தின் பள்ளங்களில் நிழல் கட்டியது. ஒன்றுமில்லாத கல்லில் வரிவரியாக எழுத்து எழுந்து நின்றது. பதினாலு பேரில் ஒருவர்கூடப் பேசவில்லை. வாத்தியார் ஒரு ஈர்க்குச்சியால், கல்லைத் தொடாமல், காற்றிலேயே ஒவ்வொரு எழுத்தாகக் காட்டிப் படித்தார். திருக்குறண்டி என்கிற ஊரைச் சேர்ந்த துறவிகளின் வரிசை, குரு, அவர் மாணாக்கர், அவருக்கு மாணாக்கர். கடைசியில் ‘குயிற்குடி ஊரார் பேரால் செய்விச்ச திருமேனி’. இந்தச் சிலைக்குப் பள்ளிச்சிவிகையார் என்பவர்கள் காவல் என்று முடிகிறது.

குயிற்குடி. காலையில் நாங்கள் டிபன் சாப்பிட்ட ஊர்.

“இது செட்டியாரும் இல்ல, யாரோ வெளியூர்க்காரன் வச்சதும் இல்ல. இந்த ஊர்க்காரங்க பேருல வச்சது. பேரு கல்லுல இருக்கு, ஊரு அதே பேரோட இருக்கு. நடுவுல எழுத்து மாறிப்போச்சு, படிக்க ஆள் இல்ல. படிக்க முடியலன்னா மனுசன் சும்மா இருப்பானா? ஒரு கதை கட்டுனான்” என்றார். அவர் அந்தக் கதையைக் கேலி செய்யவில்லை. செட்டியார் கதை இருந்ததால்தான் பயந்துகொண்டு யாரும் சிலையை உடைக்கவில்லை, கல்லுக்கு வெட்டவில்லை என்று அவருக்கு ஒரு எண்ணம். இது எந்த அளவுக்குச் சரியோ, எனக்குத் தெரியாது. கொஞ்சம் தன் சரக்கின் மேல் இருக்கிற பாசமாகவும் இருக்கலாம்.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தார். “எங்க அப்பத்தா வேற மாதிரில்ல சொல்லும்.”

வாத்தியார் பையிலிருந்து நோட்டை எடுத்த வேகத்தைப் பார்க்க வேண்டும். பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா சொன்ன கதை இது. செட்டியார் வட்டி வசூலிக்க வந்தவர். கடன்காரன் மலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். வராமல் எழுந்திருக்க மாட்டேன், பச்சைத்தண்ணி தொட மாட்டேன் என்று செட்டியார் பாறையில் உட்கார்ந்தார். கடன்காரன் வரவேயில்லை. உட்கார்ந்தே கல்லாகிவிட்டார். அதனால் வாங்கின கடனைக் கொடுக்காதவன் இந்தப் பக்கம் ஆடு மேய்க்க வரக்கூடாது, ஆடு காணாமல் போகும். நாற்பது வருசமாக அம்மாவோடு இருக்கிறேன், இந்தக் கதையை ஒருநாளும் கேட்டதில்லை. வாத்தியார் கேட்ட கேள்விகள் எல்லாம் வேறு திசையில் போயின. அப்பத்தாவுக்கு எந்த ஊர்? எப்போது சொல்வார், ராத்திரியா, களை எடுக்கும்போதா? கடன்காரன் என்ன ஆளு என்று சொல்வாரா? சொல்லும்போது சிரிப்பாரா? அம்மா ஒவ்வொன்றுக்கும் யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். வேன் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

எழுதி முடித்துவிட்டு வாத்தியார் ஒரு கேள்விக்குறி போட்டார். ஏன் என்றேன். “ஒருத்தர் சொன்னா அது அவங்க வீட்டுக் கதை. மூணு பேரு, மூணு ஊர்ல, ஒருத்தர ஒருத்தர் தெரியாம சொன்னாத்தான் ஊர் வழக்குன்னு எடுப்பேன்.” சிங்கத்தின் மேல் இருக்கிற பெண்ணைப் பற்றியும் அவரிடம் இப்படி ஒரு கேள்விக்குறி இருக்கிறது. ஆடு மேய்க்கிற ஒரு பாட்டி, அது எங்க வீட்டுப் பொண்ணு, சண்டைக்குப் போனது என்று சொன்னாராம். மூன்று தடவை போய்க் கேட்டாராம், மூன்று தடவையும் முடிவு வேறு. இன்னும் அந்தப் பக்கம் அப்படியே கிடக்கிறது.

இங்கே குறைகளைக் கொட்டிவிடுகிறேன். காலை ஆறு மணியிலிருந்து மதியம் பன்னிரண்டரை வரை பெண்கள் ஒதுங்க ஓர் இடம் கிடையாது. வாத்தியாருக்கு அது தோன்றவே இல்லை, அக்கா மகனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கேட்டதற்கு, ‘மலைதானேக்கா’ என்றான். சர்க்கரை உள்ளவர்களும் வயதானவர்களும் கேட்டுக்கொண்டு போங்கள். இட்லி ஆறிப்போய்க் கல்லாகியிருந்தது, அதற்குக் கதை எதுவும் இல்லை. வேனில் ஏ.சி. ஓடவில்லை. போஸ்டரில் நாலு மலை, பார்த்தது மூன்று. மாங்குளம் நேரமில்லை என்று விட்டுவிட்டார்கள். எங்கள் அம்மா கதையால்தான் நேரம் போனது என்பதால் நான் வாயை மூடிக்கொண்டேன். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். அது நியாயம்தான்.

மாங்குளத்துக்குப் பதிலாக வேனில் அதன் கதையைச் சொன்னார். 1882-ல் ராபர்ட் சீவல் என்கிற வெள்ளைக்கார அதிகாரி அந்தக் கல்வெட்டைக் கண்டார். பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வருகிற கல்வெட்டு. அசோகர் காலத்து எழுத்து மாதிரி இருந்ததால் மொழி எது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அது தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-ல் எடுத்துச்சொன்னார். நாற்பத்திரண்டு வருசம். “மர்மம் மர்மம்னு போஸ்டர்ல போடுறாங்களே, இதான் மர்மம். வீட்டு வாசல்ல நம்ம மொழி கெடக்கு, நாற்பது வருசம் அடையாளம் தெரியல.” போஸ்டரைப் பார்த்திருக்கிறார் போல.

கொங்கர் புளியங்குளத்தைப் பற்றி நிறையச் சொல்ல மாட்டேன், வெயில் ஏறிவிட்டது, பாதிப் பேர் நிழல் தேடினோம். பஞ்சபாண்டவர் படுக்கை என்று நம் பக்கம் எத்தனையோ குன்றுகளைச் சொல்வார்களே, அதில் ஒன்று. பாறையில் வழவழவென்று வெட்டிய படுக்கைகள், தலைமாட்டில் மேடு விட்டு. குகை நெற்றியில் மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்கக் காடி வெட்டி, பக்கத்தில் பெரிய பெரிய தமிழி எழுத்து, தமிழ் பிராமி என்பார்களே, அது. சமணத் துறவிகளுக்கு இடம் செய்துகொடுத்தவர்கள் பெயர்கள். படுக்கைகளை எண்ணிக்கொண்டே போன என் மகன் முப்பதைத் தாண்டியதும் நின்று, “பாண்டவங்க அஞ்சு பேருதான?” என்று கேட்டான். வாத்தியார் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். முப்பது வருசத்தில் பெரியவர்கள் ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லையாம். அன்று மாலைவரை பையன் தரையில் கால் படாமல்தான் நடந்தான். பேயை மறந்துவிட்டான்.

மதியச் சாப்பாடு ஒரு சின்ன மெஸ்ஸில். வாழை இலை, வத்தக்குழம்பு, சுண்டைக்காய். காலை இட்லிக்குப் பிராயச்சித்தம்.

நாலு மணிக்கு ஒத்தக்கடை, யானைமலை. மதுரைக்காரர்கள் எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். சமணர்கள் ஏவிவிட்ட யானையைச் சொக்கநாதர் வேடனாக வந்து நரசிங்கக் கணையால் வீழ்த்த, அது மலையாகிவிட்டது. நாகத்தை ஏவினார்கள், நாகமலை. பசுவை ஏவினார்கள், பசுமலை. திருவிளையாடற் புராணத்தில் படலம் படலமாக இருக்கிறது. அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் கோயிலில் வைத்து வாத்தியார் இந்தக் கதையைக் கழற்றி மாட்டினார். அதற்காகவே மீதிக் குறைகளை மன்னித்துவிடலாம்.

மலைமேல் இருக்கிற கல்வெட்டின் படிநகலை விரித்தார். ஏறக்குறைய இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தைய தமிழி எழுத்து. ‘இவ குன்றது’ என்று தொடங்குகிறது. இபம் என்றால் யானை. ஆக, யாரும் யாரையும் ஏவுவதற்கு முன்னாலேயே இது யானைக்குன்றுதான். தூரத்திலிருந்து பார்த்தால் படுத்த யானை, அவ்வளவுதான். அதே கல்வெட்டு அங்கே துறவிகள் தங்கியதைச் சொல்கிறது. பிறகு 7-ம் நூற்றாண்டில் சம்பந்தர் ஆனைமாமலையில் இருந்த சமணர்களைப் பாடுகிறார். அதற்குப் பிறகு 770-ல் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் மந்திரி மாறன்காரி இந்த நரசிங்கக் கோயிலைக் குடைகிறார். “யானை மாதிரி ஒரு மலை. அதுமேல சமணர். அடியில நரசிங்கர். மூணும் கண்ணு முன்னாடி இருக்கு. பின்னால வந்தவன் மூணையும் ஒரு நூல்ல கோத்தான். சமணன் ஏவுனான், யானை வந்துச்சு, நரசிங்கக் கணை பாஞ்சுச்சு. பாத்தீங்களா, ஒண்ணக்கூட அவன் விடல.”

பொய் என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. கதை கட்டியவனின் கைவேலையை மெச்சுகிற மாதிரிதான் சொன்னார். ஆனால் எனக்குப் பிடித்தது அந்தக் கோயில் கல்வெட்டில் இருக்கிற இன்னொரு விஷயம். மாறன்காரி வேலை முடிவதற்குள் இறந்துவிட்டார். தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி, நீர் தெளித்து முடித்துவைத்தார். ஆயிரத்து இருநூற்றைம்பது வருசம் கழித்து அந்த அண்ணன் தம்பி பெயரைப் படித்துச் சொல்லும்போது வாத்தியார் குரல் கொஞ்சம் இறங்கியது. அவருக்கும் அண்ணனோ தம்பியோ இருந்திருப்பார்களோ, கேட்கவில்லை.

யூடியூப் பையன்கள் மேலே ஏறப்போனார்கள். அம்மாவும் நானும் கோயில் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டோம். சுரங்கம் என்னாச்சு என்று வாத்தியாரிடம் கேட்டேன். நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். மீனாட்சி கோயிலுக்கு வருகிற சுரங்கங்கள் மட்டும் தனிப்பட்டியல். “இதெல்லாம் உண்மைன்னா மதுர எப்பவோ பூமிக்குள்ள போயிருக்கணும்மா.” ஒன்றிரண்டில் அவரே குனிந்து போயிருக்கிறாராம். ஒன்று தண்ணீர் போகிற மடை, ஒன்று பத்தடியில் பாறையில் முட்டி நின்றது. பட்டியலில் இன்னும் டிக் போடாதவை இருக்கின்றன. ஓய்வூதியம் வாங்குகிற மனிதர், இன்னும் டார்ச்சோடு குனிந்துகொண்டிருக்கிறார்.

யாருக்கு இந்தப் பயணம் ஒத்துவரும்? பரபரவென்று இடம் பார்த்து போட்டோ எடுக்கிறவர்களுக்கு வேண்டாம். ஒரு கல்லுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நிற்பார், கால் வலிக்கும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ளவர்கள் கூட்டிப்போங்கள், ஒரு கண்ணாடியையும் கையில் கொடுத்துவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கட்டாயம். தண்ணீர் சொந்தமாக இரண்டு லிட்டர், நல்ல செருப்பு, தொப்பி. டிபன் வீட்டிலிருந்து. ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் வாத்தியாருக்கு ஐந்து, ஏற்பாட்டுக்கு இரண்டு. மண்டையோட்டுக்கு ஒன்றும் கிடையாது.

போன வாரம் புதன்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்குப் போன். வாத்தியார். கோயம்புத்தூரில் இருக்கிறேன் என்றதும் அம்மா நம்பர் கேட்டார், கொடுத்தேன். அரை மணி நேரம் கழித்து அம்மா கூப்பிட்டார். சோழவந்தான் பக்கத்தில் ஒரு கிழவரைப் பிடித்திருக்கிறாராம், அதே வட்டிக் கதை. ஆனால் அதில் கடன்காரன் ஒளிந்துகொள்ளவில்லை, செத்துப்போய்விட்டான். அது தெரியாமல் செட்டியார் உட்கார்ந்திருக்கிறார். உங்க அப்பத்தா எப்படிச் சொன்னாங்க, ஒளிஞ்சானா செத்தானா என்று நல்லா யோசிச்சுச் சொல்லச் சொல்லியிருக்கிறார்.

“நீ என்னம்மா சொன்ன?”

“எனக்குச் சரியா ஞாபகமில்ல. நாளைக்கிச் செக்கானூரணி போயி எங்க சின்னாத்தாகிட்ட கேட்டுட்டு வாரேன். பஸ்ஸு எத்தன மணிக்குன்னு போன்ல பாத்துச் சொல்லு.”